நூறு செனட்டர்கள், பிறகு இரண்டே பேர்

அறிவும் அரசுக் கருவூலமும் – 11

இயற்பியலாளர் ஸ்டீவன் வைன்பெர்க்கிடம் ஒரு செனட்டர் சொன்ன கணக்கு இது. சூப்பர் கொலைடர் என்ற துகள் முடுக்கித் திட்டத்துக்கு இன்றைக்கு நூறு செனட்டர்களும் ஆதரவு. எந்த மாநிலத்தில் கட்டப்போகிறோம் என்று அறிவித்துவிட்டால், ஆதரவாளர்கள் இரண்டே பேராகிவிடுவார்கள். அமெரிக்காவில் மாநிலங்கள் ஐம்பது, மாநிலத்துக்கு இரண்டு செனட்டர்கள். 1979இல் நோபல் பரிசு வாங்கிய வைன்பெர்க், இந்தத் திட்டத்துக்காக ஊர் ஊராகப் பேசியவர். பல ஆண்டுகள் கழித்து இதை நினைவுகூர்ந்தபோது, செனட்டரின் கணிப்பு பெரிதாகத் தப்பிவிடவில்லை என்றுதான் எழுதினார்.

சென்ற இதழில் இயற்பியலாளர் ராபர்ட் வில்சனைப் பார்த்தோம். 1969 ஏப்ரலில் காங்கிரஸ் குழுவின் முன் உட்கார்ந்திருந்த அவரிடம், நீங்கள் கேட்கும் 25 கோடி டாலர் முடுக்கியால் நாட்டின் பாதுகாப்புக்கு ஏதாவது பயன் உண்டா என்று செனட்டர் ஜான் பாஸ்டோர் கேட்டார். ஒன்றுமில்லை என்றார் வில்சன். ஒன்றுமே இல்லையா என்று பாஸ்டோர் மறுபடி கேட்டார். சோவியத் யூனியனைக் காரணம் காட்டித் தப்பித்துக்கொள்ள வழி திறந்தே இருந்தது. வில்சன் அந்த வழியில் போகவில்லை. நல்ல ஓவியம், நல்ல சிற்பம், நல்ல கவிதை இருக்கும் வரிசையில் இதுவும் இருக்கிறது. நாட்டைக் காப்பதோடு இதற்கு நேரடித் தொடர்பு இல்லை, காக்கத் தகுந்த நாடாக ஆக்குவதோடு தொடர்பு உண்டு என்று சொல்லிவிட்டு வந்தார். பணம் கிடைத்தது. இல்லினாய்ஸ் புல்வெளியில் ஃபெர்மிலேப் எழுந்தது, கொடுத்த தொகைக்கு உள்ளேயே.

அடுத்த முடுக்கிக்குப் பணம் கேட்கப் போனவர்கள் அந்தப் பதிலைக் கையோடு எடுத்துச் செல்லவில்லை. அதன் விலை என்ன என்பதுதான் இந்த இதழின் கதை.

1983இல் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் கார்லோ ரூபியாவின் குழு டபிள்யூ, இசட் என்ற இரண்டு துகள்களை அடுத்தடுத்துக் கண்டுபிடித்தது. அமெரிக்க இயற்பியலாளர்களுக்கு அது பேரிடி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு துகள் இயற்பியல் என்றாலே அமெரிக்கா என்றிருந்த நிலை மாறிவிட்டது. நியூயார்க் டைம்ஸ் தலையங்கம் ஐரோப்பாவுக்கு மூன்று, நமக்குச் சுழியம்கூட இல்லை என்ற பொருளில் ஆட்டத்தின் கோல் கணக்குப் போலத் தலைப்பிட்டது. அதே ஆண்டில் அரசின் ஆலோசனைக் குழு கூடி, புரூக்ஹேவனில் பாதி கட்டி நின்றிருந்த இசபெல் என்ற முடுக்கியைக் கைவிட்டு, அதைவிடப் பல மடங்கு பெரிய ஒன்றுக்கு நேராகத் தாவலாம் என்று பரிந்துரைத்தது. அந்தப் பாய்ச்சலின் பெயர்தான் சூப்பர்கண்டக்டிங் சூப்பர் கொலைடர்.

அதன் அளவைக் கொஞ்சம் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஃபெர்மிலேப் வளையத்தின் சுற்றளவு ஆறு கிலோமீட்டர் சொச்சம். இது 87 கிலோமீட்டர். நிலத்துக்கடியில் ஒரு சுரங்கம்; அதற்குள் மீக்கடத்தி காந்தங்கள், பத்தாயிரத்துக்கும் மேல்; பெரிய காந்தம் ஒவ்வொன்றும் 15 மீட்டர் நீளம். திரவ ஹீலியத்தில் மூழ்கி, பூச்சியத்துக்குக் கீழே 269 டிகிரி குளிரில் அவை இயங்க வேண்டும். அந்தக் குளிரில்தான் நயோபியம்-டைட்டானியக் கம்பி எதிர்ப்பே இல்லாமல் ஆயிரக்கணக்கான ஆம்பியர் மின்சாரத்தைச் சுமக்கும். அந்த மின்சாரம் இருந்தால்தான் ஒளியின் வேகத்தை ஒட்டி ஓடும் புரோட்டான்களை வளையத்துக்குள் வளைத்து வைத்திருக்க முடியும். எதிரெதிர்த் திசைகளில் இரண்டு கற்றைகள், ஒவ்வொரு புரோட்டானுக்கும் 20 டெரா எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றல். மோதும்போது 40.

ஏன் 40? அடிப்படைத் துகள்களுக்கு நிறை எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு 1964இல் பீட்டர் ஹிக்ஸும் வேறு சிலரும் ஒரு விடை சொல்லியிருந்தார்கள். அது சரியென்றால் ஒரு புதிய துகள் இருந்தாக வேண்டும். அதன் எடை எவ்வளவு என்று கோட்பாடு சொல்லவில்லை. இவ்வளவுக்கு மேல் போகாது என்று மட்டும் சொல்ல முடிந்தது. அந்த எல்லை முழுவதையும் துழாவுகிற ஆற்றல் வேண்டும் என்று வடிவமைப்பாளர்கள் முடிவு செய்தார்கள். ஹிக்ஸ் துகள் இருந்தால் அகப்படும். இல்லாவிட்டால், அந்த வேலையைச் செய்யும் வேறு எதுவோ அகப்படும். தோற்கவே முடியாத தேடல் இது. என்னைக் கேட்டால், மனிதர்கள் ஒரு கருவியைக் கட்டுவதற்கு இதைவிட நேர்மையான காரணம் தேவையில்லை.

1987 ஜனவரியில் அதிபர் ரொனால்ட் ரீகன் ஒப்புதல் கொடுத்தார். அமைச்சரவைக் கூட்டத்தில் விளக்கமெல்லாம் கேட்டு முடித்தபின், ஒரு பழைய கால்பந்து வீரரின் சொல்லை எடுத்துக்காட்டி, பந்தைத் தூரமாக வீசுங்கள் என்றாராம். அப்போது சொல்லப்பட்ட செலவு 440 கோடி டாலர்.

இனிமேல்தான் தவறு தொடங்குகிறது. தனியொருவர் தவறென்று சொல்ல மாட்டேன். எரிசக்தித் துறை, இயற்பியலாளர்கள், மாநில ஆளுநர்கள் எல்லாரும் சேர்ந்து இந்த முடுக்கியை நாட்டு மக்களிடம் வேறு எதுவோ போலக் காட்டி விற்றார்கள். வேலைவாய்ப்பு வரும். ஜப்பானையும் ஐரோப்பாவையும் தொழில்போட்டியில் முந்தலாம். மருத்துவமனைகளில் இருக்கும் எம்.ஆர்.ஐ. போன்ற கருவிகள் இதிலிருந்து பிறக்கும். அமெரிக்காவின் கௌரவம் நிலைக்கும். இவை எதுவும் முழுப் பொய்யல்ல. ஆனால் 87 கிலோமீட்டர் சுரங்கம் தோண்டுவதற்கு இவை காரணமும் அல்ல. வில்சன் எந்தக் காரணத்தை மட்டும் சொன்னாரோ, அது பட்டியலின் அடிக்குப் போய்விட்டது.

இடம் தேர்வுக்கு மாநிலங்களைப் போட்டிக்கு அழைத்தபோது அடுத்த வினை வந்து சேர்ந்தது. 25 மாநிலங்கள் 43 விண்ணப்பங்களை அனுப்பின. ஒவ்வொரு மாநிலத்தின் உறுப்பினர்களும் தங்கள் ஊருக்கு வரப்போகிறது என்ற நம்பிக்கையில் காங்கிரஸில் கையைத் தூக்கினார்கள். அந்த மாதங்களில் இத்திட்டத்துக்கு இருந்த ஆதரவைப் பார்த்தவர்கள், நாடே துகள் இயற்பியல்மீது காதல் கொண்டுவிட்டது என்று நம்பியிருக்கலாம். கடைசிச் சுற்றில் ஏழு மாநிலங்கள் நின்றன. 1988 நவம்பர் 10 அன்று டெக்சஸ் என்று அறிவிப்பு வந்தது. டெக்சஸ்காரரான ஜார்ஜ் புஷ் அதிபர் தேர்தலில் வென்று இரண்டே நாள் ஆகியிருந்தது. மக்கள் பிரதிநிதிகள் சபையின் தலைவர் ஜிம் ரைட்டும் டெக்சஸ்காரர். தேர்தலில் தோற்ற துணை அதிபர் வேட்பாளர் லாயிட் பென்ட்சனும் அதே மாநிலத்தின் செனட்டர்.

டெக்சஸுக்குத் தகுதி இல்லாமல் கொடுத்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. டாலஸுக்குத் தெற்கே, எல்லிஸ் கவுன்டியில் வாக்ஸஹாச்சி என்ற சிற்றூர். பருத்தி விளைந்து செழித்த ஊர். 1890களில் சிவப்புக் கருங்கல்லிலும் மணற்கல்லிலும் கட்டிய நீதிமன்றக் கட்டடம் இன்றும் ஊர் நடுவே கோபுரத்தோடு நிற்கிறது. ஊருக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை. கத்தி இறங்குகிற அளவுக்கு மென்மை, தோண்டியபின் இடிந்து விழாத அளவுக்கு உறுதி. சுரங்கம் போட அதைவிடத் தோதான மண் கிடைப்பது அரிது. டெக்சஸ் மாநிலம் தன் பங்காக 100 கோடி டாலர் தருவதாகவும் வாக்குக் கொடுத்திருந்தது. ஆனால் தோற்ற மாநிலங்கள் மண்ணைப் பார்க்கவில்லை, தேதியைப் பார்த்தன. அன்று முதல் இது டெக்சஸின் திட்டம் என்றானது, அமெரிக்காவின் திட்டம் என்ற பெயர் போயிற்று.

1989இல் ஹார்வர்டு இயற்பியலாளர் ராய் ஷ்விட்டர்ஸ் ஆய்வகத்தின் இயக்குநரானார். வடிவமைப்பை மறுபடி சரிபார்த்தபோது ஒரு சிக்கல் தெரிந்தது. காந்தத்தின் நடுவே கற்றை ஓடும் துளை நான்கு சென்டிமீட்டர் அகலம் என்று தீர்மானித்திருந்தார்கள். அவ்வளவு குறுகலான வழியில், காந்தப்புலத்தில் இருக்கும் சிறு பிசகுகளே புரோட்டான்களைத் தடம் தள்ளிவிடும் என்று கணினிக் கணக்குகள் காட்டின. துளையை ஐந்து சென்டிமீட்டராக்கினார்கள். ஒரு சென்டிமீட்டர்தான். ஆனால் துளை அகன்றால் காந்தத்துக்குக் கம்பி கூடும், இரும்பு கூடும், குளிரூட்டும் வேலை கூடும். பத்தாயிரம் காந்தங்களுக்கும் கூடும். புரோட்டான்களைப் பெரிய வளையத்துக்குள் அனுப்பும் முந்தைய முடுக்கியின் ஆற்றலையும் இரட்டிப்பாக்கினார்கள். முடுக்கி இயங்க வேண்டும் என்பதற்காகச் செய்த மாற்றங்கள் இவை. அறிவியல் நேர்மை இதைக் கேட்டது. 590 கோடி என்று திருத்தியிருந்த செலவு, 1991இல் 825 கோடியாயிற்று. 1993இல் 1,100 கோடி என்ற பேச்சு வந்துவிட்டது.

கூடுதல் செலவுக்குக் காரணம் கேட்ட உறுப்பினர்களிடம், காந்தத் துளையின் கதையை யாராலும் மனதில் பதியும்படி சொல்ல முடியவில்லை. கணக்குத் தணிக்கையில் கிடைத்த செய்திகளோ எளிதாகப் பதிந்தன: அலுவலகத்துக்கு வாங்கிய அலங்காரச் செடிகள், விருந்துச் செலவுகள். மொத்தத் தொகையில் அவை தூசு. தொலைக்காட்சிக்கு அந்தத் தூசு போதுமானதாக இருந்தது. ஷ்விட்டர்ஸ் பொறுமை இழந்து, சுமாராகப் படித்த மாணவர்கள் நம்மைப் பழிவாங்குகிறார்கள் என்ற பொருளில் ஒரு நாளிதழிடம் பேசினார். அவர் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் வாக்களிக்கப் போகிறவர்களைப் பற்றி அப்படிச் சொன்ன ஒரு வாக்கியம் எத்தனை வாக்குகளைக் கொண்டுபோயிருக்கும்!

வெளிநாட்டுப் பணமும் வரவில்லை. ஜப்பானிடமிருந்து பெரும் தொகையை எதிர்பார்த்தார்கள். 1992 ஜனவரியில் புஷ் டோக்கியோ போனபோது அந்த உதவி உறுதியாகும் என்ற நம்பிக்கை இருந்தது, ஆகவில்லை. முடிவெல்லாம் அமெரிக்கா எடுத்துவிட்டு, இடமும் தேர்ந்துவிட்டு, கடைசியில் பணத்துக்கு மட்டும் கூப்பிட்டால் யார் வருவார்கள்? வாக்குக் கொடுத்த ஒரு சில நாடுகளில் இந்தியா ஒன்று, 5 கோடி டாலர் மதிப்புக்கு.

அறிவியல் உலகத்துக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. அதைச் சிறுமையாகப் பார்க்கக் கூடாது. 1977இல் நோபல் பரிசு பெற்ற பிலிப் ஆண்டர்சன் காங்கிரஸ் குழுவின் முன் வந்து எதிராகச் சாட்சி சொன்னார். திடப்பொருள்களின் இயற்பியல் அவர் துறை. சின்னச் சின்ன ஆய்வகங்களில், சில மாணவர்களோடும் சில லட்சம் டாலரோடும் நடக்கும் ஆராய்ச்சி பட்டினி கிடக்கும்போது ஒரே கருவிக்கு இவ்வளவு தேவையா என்பது அவர் கேள்வி. தொழில்நுட்பப் பயன்தான் வேண்டுமென்றால், அதைத் தரும் துறைகளுக்கே நேராகக் கொடுத்தால் கூடுதலாகக் கிடைக்குமே என்றார். இதற்குப் பதில் இல்லை. எம்.ஆர்.ஐ.யைச் சொல்லிப் பணம் கேட்டவர்கள், எம்.ஆர்.ஐ. வேண்டுமானால் அதற்கு இது சுற்றுவழி என்று ஒருவர் சொன்னவுடன் நிராயுதபாணியாகிவிட்டார்கள். இந்த வாதம் வில்சனிடம் செல்லுபடியாகியிருக்காது. அவர் அந்தப் பொருளை விற்கவே இல்லை.

வைன்பெர்க் மட்டும் அவ்வப்போது உண்மையான காரணத்தைச் சொல்லிப் பார்த்தார். 1987இல் பிரதிநிதிகள் சபையின் அறிவியல் குழுவில் பேசியபோது, நாம் கண்டறிந்த இயற்கை விதிகள் ஒன்றோடொன்று பொருந்தி வரும் விதத்தில் ஓர் அழகு இருக்கிறது, அது பிரபஞ்சத்தின் ஆழத்தில் உள்ள எதையோ காட்டுகிறது என்றார். இல்லினாய்ஸ் உறுப்பினர் ஹாரிஸ் ஃபாவெல், இது கடவுளைக் காண உதவுமா என்கிற ரீதியில் கேட்டார். திட்டத்தை விடாமல் எதிர்த்துவந்த பென்சில்வேனியா உறுப்பினர் டான் ரிட்டர் குறுக்கிட்டு, அப்படிச் செய்யுமானால் நானே ஆதரிக்கிறேன் என்றார். வைன்பெர்க் நாத்திகர். என்ன நினைக்கிறேன் என்று வாய்திறந்தால் திட்டத்துக்குக் கேடு என்று உணர்ந்து பேசாமல் இருந்துவிட்டார். இன்னொரு முறை லாரி கிங்கின் வானொலி நிகழ்ச்சி. எதிரே ஒரு காங்கிரஸ் உறுப்பினர். அறிவியல் செலவுக்கு நான் எதிரியல்ல, எது முக்கியம் என்று பார்க்க வேண்டாமா என்றார் அவர். இயற்கையின் விதிகளை அறிந்துகொள்ள இந்த முடுக்கி உதவும், அது முக்கியமில்லையா என்று வைன்பெர்க் கேட்டார். இல்லை என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது.

அந்த உறுப்பினர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. பத்தாண்டுகளாக அவருக்கு யாரும் வேறுவிதமாகச் சொல்லிக் கொடுக்கவில்லை. வேலைவாய்ப்பு, போட்டி, கௌரவம் என்றே கேட்டுப் பழகியவரிடம் கடைசி நேரத்தில் இயற்கை விதி என்றால், அது அவர் காதில் என்னவாக விழுந்திருக்கும்?

1991 டிசம்பரில் சோவியத் யூனியன் கலைந்தது. கௌரவம் என்ற காரணத்துக்கு எதிராளி இல்லாமல் போனார். 1992 ஜூனில் பிரதிநிதிகள் சபை திட்டத்தை நிறுத்த வாக்களித்தது, செனட் காப்பாற்றியது. அந்த ஆகஸ்டில் டெக்சஸில் முழு அளவுக் காந்தங்களை வரிசையாகக் கோத்து ஓட்டிப் பார்த்த சோதனை வெற்றி. முடுக்கி இயங்கும் என்பது உறுதியாயிற்று. நவம்பர் தேர்தலில் பில் கிளின்டன் வந்தார். பற்றாக்குறையைக் குறைப்போம் என்று மேடைதோறும் சொல்லி வென்ற நூற்றுக்கு மேற்பட்ட புதிய உறுப்பினர்களும் வந்தார்கள். வெட்டுவதற்குப் பெரிதாக, கண்ணில் படும்படியாக ஏதாவது ஒன்று அவர்களுக்கு வேண்டியிருந்தது.

1993 ஜூன் மாதத்தில் அடுத்தடுத்த இரண்டு நாள்கள் என்ன நடந்தது என்று பாருங்கள். 23ஆம் தேதி விண்வெளி நிலையத் திட்டத்தை நிறுத்தலாமா என்று வாக்கெடுப்பு. நிறுத்த 215, கூடாது என்று 216. ஒரே வாக்கில் தப்பியது. 24ஆம் தேதி முடுக்கி. நிறுத்து என்று 280, வேண்டாம் என்று 150. விண்வெளி நிலையம் பல மடங்கு அதிகச் செலவு. அறிவியல் பயனோ விவாதத்துக்குரியது. ஆனால் அதன் ஒப்பந்தங்கள் பல மாநிலங்களில் பரவியிருந்தன. அதை நடத்திய முக்கிய மையமும் டெக்சஸின் ஹூஸ்டனில்தான் இருந்தது. ஒரே மாநிலத்துக்கு இரண்டு பெருந்திட்டங்களா என்ற முணுமுணுப்பில் முடுக்கி அடிபட்டது.

செனட் மறுபடி ஒருமுறை காப்பாற்றப் பார்த்தது. நியூயார்க்கின் ஷெர்வுட் போலெர்ட்டும் கான்சஸின் ஜிம் ஸ்லாட்டரியும் பிரதிநிதிகள் சபையில் எதிர்ப்பணியைக் கட்டிக்காத்தார்கள்; இருவரும் வெவ்வேறு கட்சி. அக்டோபர் 19 அன்று 282க்கு 143 என்ற கணக்கில் சபை இறுதியாக மறுத்துவிட்டது. செனட் பணிந்தது. அந்த ஆண்டுக்கென ஒதுக்கியிருந்த 64 கோடி டாலரைத் திட்டத்தை மூடுவதற்கே செலவழிக்கச் சொன்னார்கள்.

அப்போது நிலத்துக்கடியில் சுமார் 23 கிலோமீட்டர் சுரங்கம் முடிந்திருந்தது. 17 குழிகள் இறங்கியிருந்தன. 200 கோடி டாலர் செலவாகியிருந்தது. ஆய்வகத்தில் ஏறக்குறைய 2,000 பேர். உலகின் பல மூலைகளிலிருந்து வீட்டைக் காலிசெய்து, பிள்ளைகளை வாக்ஸஹாச்சிப் பள்ளிகளில் சேர்த்திருந்தவர்கள். முடுக்கிக்கு நிலம் கொடுத்து ஊரைவிட்டுப் போன குடும்பங்களும் உண்டு. அவர்களுடைய வீடுகள் இடிக்கப்பட்டது எதற்காக என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. ஷ்விட்டர்ஸ் விலகினார். மூடும் வேலையைப் பார்க்க ஃபெர்மிலேப் இயக்குநர் ஜான் பீப்பிள்ஸ் வந்தார். இளம் இயற்பியலாளர்கள் சிலர் வால் ஸ்ட்ரீட்டுக்குப் போய்ப் பங்குச்சந்தைக் கணக்குகள் போட்டார்கள். சுரங்கத்தில் தண்ணீர் ஏறியது. மேலே இருந்த கட்டடங்கள் பல கை மாறி, கடைசியில் ஒரு ரசாயன நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தன.

சின்ன ஆய்வகங்களுக்காக வாதாடிய ஆண்டர்சனின் நம்பிக்கையும் பலிக்கவில்லை. மிச்சமான பணம் மற்ற அறிவியல் துறைகளுக்குத் திரும்பி வரவில்லை. பற்றாக்குறை என்ற பள்ளத்தில் அது கரைந்தது. ஒரு துறையை வெட்டினால் இன்னொரு துறை வாழும் என்று நம்பும் அறிவியலாளர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். அவர்கள் படிக்க வேண்டிய அத்தியாயம் இது.

ஐரோப்பாவில் வேறு ஏற்பாடு. செர்ன் 1954 முதல் ஓர் ஒப்பந்தத்தின் கீழ் இயங்குகிறது. உறுப்பு நாடுகள் தத்தம் தேசிய வருமானத்துக்கு ஏற்பப் பங்கு கட்ட வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஒரு சபை கூடி, இந்த முடுக்கி இருக்கட்டுமா வேண்டாமா என்று முதலிலிருந்து வாக்கெடுப்பதில்லை. ஒரு முறை ஒப்புக்கொண்டால் பணம் வரும் என்று பொறியாளர்கள் நம்பி வேலை செய்யலாம். அதனால் அங்கே அரசியல் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 1994இல் 27 கிலோமீட்டர் பழைய சுரங்கத்துக்குள் புதிய முடுக்கி ஒன்றைப் பொருத்தும் திட்டம் வந்தபோது, முடுக்கி தங்கள் மண்ணில் இருப்பதால் ஆதாயம் காணும் பிரான்சும் சுவிட்சர்லாந்தும் கூடுதலாகக் கொடுக்கட்டும் என்று ஜெர்மனியும் பிரிட்டனும் பிடிவாதமாக நின்றன. ஆறு மாதம் இழுபறி. டிசம்பரில் ஒப்புதல் வந்தது. டெக்சஸ் முடுக்கியின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான் அதன் இலக்கு. 2012 ஜூலை 4 அன்று ஹிக்ஸ் துகளைக் கண்டதாக அறிவிப்பு வந்தது அந்த முடுக்கியிலிருந்துதான்.

அந்த ஆறு மாத இழுபறியையும், டெக்சஸில் வேலை இழந்த அமெரிக்கர்கள் ஜெனீவாவின் கதவைத் தட்டிய விதத்தையும், இந்தியப் பட்டறைகளில் அந்த முடுக்கிக்கான காந்தங்கள் உருவானதையும் அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)